துளிப் பந்தயம்

'எது நல்லது?' என்ற மாத இதழில் செவ்வேளுக்கு வேலை, பொருட்களை ஒப்பிட்டு எழுதுவது. மிக்ஸிகளில் எது சீக்கிரம் சூடாகிறது, மெத்தைகளில் எது மூன்றாம் மாதமே குழி விழுகிறது, மழைக்கோட்டுகளில் எது நிஜமாகவே மழை தாங்குகிறது என்றெல்லாம் எழுதி, கடைக்காரர்கள் அவனைக் கண்டால் முகம் சுளிக்கும் அளவுக்குப் பெயர் எடுத்திருந்தான். எந்தப் பொருளைப் பற்றியும் அவன் இரண்டு கேள்விகள் கேட்பான். சொன்னதைச் செய்கிறதா? வைத்திருப்பவருக்குச் சந்தோஷமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு அளந்து பார்த்துப் பதில் எழுதிவிடுவான். இரண்டாவதற்குக் குத்துமதிப்பாகத்தான் எழுதுவான். அதைப் பற்றி அவனுக்கு எப்போதுமே உள்ளூர ஒரு கூச்சம் உண்டு.

அதனால்தான் புதுச்சேரிக் கடலில் நங்கூரம் போட்டிருந்த 'நீலாம்பரி' கப்பலைப் பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் கூப்பிட்டபோது உடனே சரி என்றான். அங்கே சந்தோஷத்தையே அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

பணம் வைத்துச் சூதாடத் தடை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சட்டத்தில் பணம் இருந்தது, நகை இருந்தது, நிலம் இருந்தது, பணத்துக்கு ஈடான எல்லாமே இருந்தது. மனநிலை என்ற வார்த்தை மட்டும் இல்லை. நீலாம்பரிக்காரர்கள் அந்தச் சந்தில் கப்பலையே ஓட்டிவிட்டார்கள்.

"மேசை நாலு வகை. ரூலெட், பிளாக்ஜாக், கிராப்ஸ், பக்காரா," என்றார் ஆசிரியர். "வாரத்துக்கு ஒண்ணா ஆடிப் பாரு. ஜெயிக்கிற வாய்ப்பு எதுல ஜாஸ்தி, ஆடுறதுக்கு எது நல்லாருக்கு, ரெண்டையும் எழுது. பத்திரிகைன்னு சொல்லியே அனுமதி வாங்கிட்டேன். ஒளிவு மறைவு வேண்டாம்."

வீட்டில் மனைவி மாதங்கியிடம் சொன்னான்.

"எதை வச்சு ஆடுவாங்க?"

"சந்தோஷத்தை."

"அது உன்கிட்ட இருக்கா என்ன?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

அவர்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பதிவு செய்த புதிதில் தினமும் அதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. பிறகு, தொலைபேசி அடித்தால் இரண்டு பேரும் ஒரே சமயம் அதை நோக்கித் திரும்புவது மட்டும் மிச்சமிருந்தது.

*

படகில் இருந்து கப்பலுக்கு ஏறியதும் முதல் தளத்தில் அவனை வரவேற்றவர் ஃப்ளோரா. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட். சீட்டு பிரிப்பதும் சக்கரம் சுற்றுவதும் அவர் வேலை. அன்று அவனுக்கு எல்லாம் விளக்கும் வேலையும் அவருக்கே வந்திருந்தது. ஒட்டும் பொட்டு போன்ற ஒன்றை அவன் காதுக்குப் பின்னால் அழுத்தினார்.

"இது என்ன மேடம் செய்யும்?"

"மூளைக்குள்ள ஒரு சமாச்சாரம் ஊறுது சார். நல்ல சாப்பாடு, நல்ல பாட்டு, புடிச்சவங்க மொகம், எதைப் பாத்தாலும் கொஞ்சம் ஊறும். இந்தப் பொட்டு அதைத் தூண்டி விடும், இல்லன்னா அமுக்கிப் புடிக்கும். பிச்சு எறிஞ்சாலும் உள்ள எறங்கினது போகாது. அவ்வளவுதான்."

"ஜெயிச்சா தூண்டும்."

"ஜெயிச்சா அடுத்து வர்ற நாளெல்லாம் காபி கூடுதலா மணக்கும். தோத்தா அதே காபி வெறும் வெந்நீர். அதைத் துளின்னு கணக்கு வச்சு, ஆட வர்றவங்களுக்குக் கடனாக் குடுப்போம். எத்தனை துளி தோக்கறீங்களோ அத்தனை நாளைக்கு அந்த அமுக்கல் இருக்கும், அப்புறம் தானா விட்டுடும்."

"கப்பல்ல இருக்கிறப்பவுமா?"

"அந்த அமுக்கலைக் கழிவுன்னு சொல்லுவோம். கப்பலுக்குள்ள அது கெடையாது. எவ்வளவு தோத்திருந்தாலும் இங்க இருக்கிறவரைக்கும் முழுசா இருப்பீங்க. வெளிய கால் வச்சாத்தான்." இதைச் சொல்லும்போது ஃப்ளோரா மேசைத் துணியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"ஒவ்வொரு ஆட்டத்துலயும் கப்பலுக்குன்னு ஒரு பங்கு வருமே, அது எங்க போகுது?"

"மொதலாளிங்களுக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்காங்கன்னு கேள்வி."

முதல் வாரம் ரூலெட். சக்கரத்தில் முப்பத்தேழு குழிகள். ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் முப்பத்தைந்து மடங்கு தருவார்கள். அந்த வித்தியாசத்தில்தான் கப்பல் மிதக்கிறது. நூறு துளி சுற்றினால் சராசரியாக இரண்டே முக்கால் துளி கப்பலுக்கு. அவன் இதை முன்பே படித்து வைத்திருந்தான். ஆனால் வெள்ளைக் குண்டு விளிம்பில் ஓடும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தியதும், அது குழிகளில் தடுக்கித் தடுக்கி விழுந்ததும் அவன் படித்ததில் இல்லை.

பக்கத்தில் நின்றவர் ஒரு டப்பாவைத் திறந்து லட்டு நீட்டினார். "எடுத்துக்குங்க தம்பி. நம்ம கடைச் சரக்குதான். விழுப்புரத்துல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஸ்வீட் ஸ்டால். பேரு உமாபதி."

"கடைல இருந்து இவ்வளவு தூரம் கொண்டு வந்தா சாப்பிடுறீங்க?"

"இங்கதானே இனிக்குது." உமாபதி ஒன்றை முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "வெளிய போனா மண்ணு மாதிரி இருக்கு. நெறைய தோத்துட்டேன். போன மாசம் பொண்ணு கல்யாணம். டிவில யாரோ வீட்டுக் கல்யாணம் பாக்குற மாதிரி உக்காந்திருந்தேன். பொண்ணு அழுதுச்சு. நான் மணி பாத்தேன்." பிறகு சிரித்தார். "இப்ப இங்க வந்து அந்த போட்டோவைப் பாத்துத்தான் அழுறேன். கறுப்புல வைங்க, கறுப்புல வைங்க, சுத்தப் போறான்!"

செவ்வேள் சில துளிகள் தோற்றுத் திரும்பினான்.

மறுநாள் காலை காபி சப்பென்றிருந்தது. மாதங்கியிடம் கேட்டான்: "பால் மாத்திட்டியா?"

"அதே பால்தான். நல்லாத்தானே இருக்கு?"

அவள் சொன்னது உண்மையா என்று பார்க்க அவள் டம்ளரில் இருந்து ஒரு வாய் குடித்தான். அதுவும் சப்பென்றிருந்தது. ஆனால் அவனுக்கு லேசான ஜலதோஷமும் இருந்தது. பொட்டா, மூக்கா, பாலா? அவன் தன் குறிப்பில் 'தெளிவாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, இதுவரை எந்த மிக்ஸியைப் பற்றியும் இப்படி எழுதியதில்லையே என்று சங்கடப்பட்டான்.

*

இரண்டாம் வாரம் பிளாக்ஜாக். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குப் பக்கத்தில் போக வேண்டும், சீட்டு பிரிப்பவரை முந்த வேண்டும். எந்தக் கைக்கு இன்னொரு சீட்டு கேட்பது, எந்தக் கையோடு நிற்பது என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அதை மனப்பாடம் செய்து பிசகாமல் ஆடினால் கப்பலின் பங்கு அரை சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். நான்கு மேசைகளிலும் ஆடுபவனுக்கு அதிக நியாயம் செய்யும் மேசை அதுதான்.

செவ்வேள் பிசகாமல் ஆடினான். சாயங்காலம்வரை ஆடியும் ஏறவுமில்லை இறங்கவுமில்லை.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றார் ஃப்ளோரா.

"வருமான வரி ஃபாரம் நிரப்புற மாதிரி இருந்துச்சு."

"சரியா ஆடுறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. தப்பா ஆடுறவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்."

அந்த வாரத்து நாட்கள் எப்படி இருந்தன என்று அவனிடம் கேட்டால் சொல்ல முடிந்திருக்காது. எப்போதும்போல் இருந்தன. எப்போதும் எப்படி இருந்தன என்று யோசித்தபோது அதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. 'இது பிடித்திருக்கிறதா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கேட்ட உடனே, இருந்த கொஞ்சம் பிடித்தமும் கூச்சப்பட்டு ஓடிவிட்டது.

மூன்றாம் வாரம் கிராப்ஸ். பகடை ஆட்டம். நீளமான தொட்டி மாதிரி மேசை, சுற்றிலும் ஆட்கள். ஒருவர் பகடையை வீச, மற்ற எல்லாரும் அவர் பக்கமே பந்தயம் கட்டுகிறார்கள். முதல் வீச்சில் ஏழோ பதினொன்றோ விழுந்தால் எல்லாருக்கும் ஜெயம். இரண்டு, மூன்று, பன்னிரண்டு விழுந்தால் எல்லாருக்கும் தோல்வி. வேறு எண் விழுந்தால், ஏழு வருவதற்குள் அதே எண்ணை மறுபடி வீச வேண்டும். கப்பலின் பங்கு ஒன்றரை சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே.

அன்று பகடை உமாபதியின் கையில் இருந்தது. எட்டு விழுந்தது. பிறகு என்னென்னவோ விழுந்தன, ஏழு மட்டும் விழவேயில்லை. எட்டு வந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி வந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண்மணி செவ்வேளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவனும் கத்திக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிய பிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது.

"வாங்க தம்பி, ஊதி விடுங்க!" உமாபதி பகடையை அவன் வாய்க்கு முன்னால் நீட்டினார். பகடையில் ஊதுவதால் ஒன்றும் ஆகாது என்று கட்டுரை எழுத வந்தவன் பலமாக ஊதினான்.

நிறைய ஜெயித்தான். மேசையோரத் திரையில் அவன் பெயருக்கு நேரே துளிகள் பச்சை நிறத்தில் ஏறி நின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனும் மாதங்கியும் பிறகு பலமுறை பேசியிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் மரக்காணம் பக்கம் போனார்கள். உப்பளத்தருகே மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. உப்பை மூடி வைத்திருந்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் கீழே குந்தினார்கள். அவன் ஆராய்ந்து எழுதி முதல் இடம் கொடுத்த மழைக்கோட்டு அன்று தையலோடு பிரிந்தது. மாதங்கி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மழை விட்டதும் ரோட்டோரம் வறுத்த மீன் வாங்கினார்கள். முள்ளோடு தின்றார்கள்.

"இது அந்தப் பொட்டா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா. நிறைய ஜெயிச்சேன்."

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு எந்தப் பொட்டும் இல்லையே" என்றாள். அவன் மீனைச் சாப்பிட்டான்.

*

தத்து நிலையத்தில் இருந்து அழைப்பு வந்தது அடுத்த வாரம். பூவிழி என்று ஒரு பெண் குழந்தை. மூன்று வயது. ஞாயிறு காலை கூட்டிக்கொண்டு வருவார்கள். முதலில் சில வாரம் அவர்களோடு இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார் பேசிய அலுவலரம்மா.

நான்காவது மேசைக்கான நாள் சனிக்கிழமை மதியம்.

"போகாதடா," என்றாள் மாதங்கி. "மெத்தை உறை மாத்தணும். பால் டம்ளர் வாங்கணும்."

"மூணு மேசையை எழுதிட்டு நாலாவதை எப்படி விடுறது? மதியம் போய்ட்டு உடனே வந்துடுவேன்." அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொன்னான்: "ஜெயிச்சா நாளைக்கு அவ வர்றப்ப எவ்வளவு நல்லா இருக்கும்னு நினைச்சுப் பாரு."

"ஜெயிக்காமப் போனா?"

"பக்காரால பாங்கர் பக்கம் வச்சா கப்பலுக்கு ஒரு சதவீதம்தான் போகும். மெதுவான ஆட்டம். பெருசா தோக்கவே முடியாது."

அது சரிதான். பக்காராவில் ஆடுபவனுக்குச் செய்ய ஒன்றுமேயில்லை. பாங்கர், பிளேயர் என்று இரண்டு கை. எது ஒன்பதுக்குப் பக்கத்தில் வருகிறது என்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மூன்றாவதாக 'டை' என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு கையும் சமமாக வந்தால் எட்டு மடங்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் வைக்கும் ஒவ்வொரு நூறு துளிக்கும் பதினான்குக்கு மேல் கப்பல் விழுங்கிவிடும். 'டை பக்கமே போகாதீர்கள்' என்ற வாக்கியத்தைச் செவ்வேள் கட்டுரைக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான்.

ஃப்ளோராதான் சீட்டைத் திருப்பினார். வெல்வெட் நாற்காலிகள், யாரும் சத்தம் போடவில்லை. செவ்வேள் பாங்கரில் வைத்தான், வைத்தான், வைத்தான். துளிகள் கொஞ்சம் ஏறின, கொஞ்சம் இறங்கின. அவனுக்கு இந்த அமைதி பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் தகதகவென்றிருந்தது. நாளை இந்நேரம் வீட்டில் ஒரு குழந்தை இருக்கும். அந்த நிமிஷத்தில் தான் எப்படி இருப்போம் என்று கற்பனை செய்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பயமாக இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்ததற்கு ஈடாக, மரக்காணத்து மழையைப் போல எட்டு மடங்கு வேண்டும் என்று தோன்றியது.

எல்லாத் துளிகளையும் டை கட்டத்தில் நகர்த்தினான்.

ஃப்ளோரா சீட்டைத் தொட்ட கையை எடுத்தார். "சார். அது டை."

"தெரியும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

பாங்கர் ஆறு. பிளேயர் ஏழு.

*

பூவிழி பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு, உள்ளே வந்து, எந்த நாற்காலி தனக்கு என்று கேட்டாள். நிலையத்தில் எல்லாருக்கும் ஒரு நாற்காலி உண்டாம். மாதங்கியை "மிஸ்" என்று கூப்பிட்டாள். செவ்வேளைக் கூப்பிடவில்லை.

அவன் மண்டியிட்டு அவளிடம் ஒரு பொம்மைக் கரடியைக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அவளுடைய விரல்கள் சின்னதாக இருந்தன. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான். மழைக்கோட்டின் தையலைப் பார்ப்பதைப் போலப் பார்த்தான். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மதியம் அடுக்களையில் மாதங்கியிடம் உண்மையைச் சொன்னான். டை கட்டம், ஆறு, ஏழு எல்லாவற்றையும்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "எப்ப திரும்ப வரும்?"

"இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துடும். அது ஒரு கழிவு அவ்வளவுதான். நான் இல்ல, அந்தப் பொட்டுதான். என்னை நம்பு."

"நம்புறேன்," என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாட்கள் போயின. செவ்வேள் குழந்தைக்குத் தலை வாரினான், பல் தேய்த்துவிட்டான், கதை படித்தான். எதிலும் குறை வைக்கவில்லை. பூவிழி ராத்திரி படுக்கையை நனைத்தால் முகம் சுளிக்காமல் மாற்றினான். சுளிக்கக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் அவனை உறுத்தியது. சில சமயம், அவள் தட்டில் கடைசி வாய்ச் சோற்றைத் தள்ளித் தள்ளிச் சின்னக் கோபுரம் கட்டும்போது, மார்புக்குள் ஏதோ லேசாக இழுக்கும். உடனே அவனுக்குக் குழப்பம் வந்துவிடும். இவ்வளவு தோற்றவனுக்கு இது எப்படி வரும்? பொட்டு பழுதா? இல்லை, இது சந்தோஷமே இல்லையா, வாயுவா?

மாதங்கி நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தாள். ஒருநாள், "அந்த அலுவலரம்மா நாளைக்கு வர்றாங்க. எப்படிப் போகுது, மேற்கொண்டு வச்சுக்கலாமான்னு கேப்பாங்க" என்றாள்.

"நாளைக்கா? கழிவு இன்னும் முடியலையே."

"முடிஞ்சாத்தான் பதில் சொல்லுவியா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான்.

*

ஃப்ளோரா கிராப்ஸ் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதிய நேரம், கூட்டமில்லை. மூலையில் உமாபதி மட்டும் ஒரு சோபாவில் உட்கார்ந்து போனில் கல்யாணப் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தார்.

"இதை நீக்கணும் மேடம்," என்றான் செவ்வேள். "கழிவை ரத்து பண்ணுங்க. நான் ஆட வரல. எங்க வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. நாளைக்கு ஒருத்தங்க வந்து கேப்பாங்க. எனக்கு இன்னிக்கே திரும்ப வேணும்."

ஃப்ளோரா துணியைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, அவனை வெளித் தளத்துக்குக் கூட்டிப்போனார். காற்று பலமாக அடித்தது.

"நீக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார்."

"புரியலை."

"நீங்க பத்திரிகைன்னு சொல்லிட்டுத்தானே வந்தீங்க. பத்திரிகைக்காரங்க, வக்கீலுங்க, பெரிய அதிகாரிங்க இவங்களுக்கெல்லாம் வெறும் பொட்டுதான் ஒட்டுவோம். மேலிடத்து உத்தரவு. ஏதாவது ஆச்சுன்னா எழுதிடுவாங்க, கேஸ் போட்டுடுவாங்கன்னு பயம். உங்க காதுக்குப் பின்னால இருக்கிறது ஸ்டிக்கர் பொட்டு. கடைல அட்டையா விப்பாங்களே, அது."

செவ்வேள் அதைப் பிய்த்துப் பார்த்தான். பின்பக்கம் கொஞ்சம் பசையும் ஒரு முடியும் இருந்தன.

"அப்ப உமாபதிக்கு?"

"அவருக்கு நெசம்." ஃப்ளோரா கடலைப் பார்த்தார். "அவரைப் பத்தி எழுதுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சொன்னாலும் பரவாயில்ல. எனக்கும் இந்த வேலை போதும்."

"காபி?" என்று அவன் கேட்டான். "முதல் வாரம் காபி வெந்நீர் மாதிரி இருந்துச்சே."

"அது எனக்கெப்படி சார் தெரியும்?"

படகில் திரும்பும்போது அவன் யோசித்து யோசித்துப் பார்த்தான். காபியைச் சப்பென்று குடித்தது அவன்தான். பஸ் ஜன்னலோரம் ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தது அவன்தான். குழந்தை முன்னால் மண்டியிட்டு, தையலை எண்ணுவதைப் போல அவள் முகத்தைப் பார்த்தது அவன். அதை யார் தலையிலும் கட்ட முடியாது. பிறகு, படகு அலையில் ஒருமுறை தூக்கிப் போட்டபோது, இன்னொன்றும் புரிந்தது. மரக்காணம்? தார்ப்பாய்க்குக் கீழே, முதுகில் அவள் நெற்றி, வாய் கொள்ளாத சிரிப்பு, முள்ளோடு தின்ற மீன்? அதுவும் யாரும் கொடுத்ததில்லை. சோற்றுக் கோபுரத்தைப் பார்த்தபோது மார்பில் இழுத்ததும் வாயு இல்லை.

எதை நினைத்து வெட்கப்படுவது, எதை நினைத்து மகிழ்வது என்று தெரியாமல் அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்கு மேசைகளுக்கும் வெற்றி வாய்ப்பைத் தசமப் புள்ளிவரை எழுதிவிடலாம். 'ஆடுவதற்கு எது நன்றாக இருக்கிறது' என்ற பத்தியில் எழுத அவனிடம் ஒரு வரி இல்லை.

*

பூவிழி தூங்கிக்கொண்டிருந்தாள். மாதங்கி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன ஜட்டிகள், பச்சைக் கவுன்.

அவன் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வெறும் பொட்டு என்பதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. "நான் பொய் சொல்லல. எனக்கே தெரியாது. ஆனா கழிவு, கழிவுன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம், அது நான்தான். அவ வந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணல மாதங்கி. அது என் குத்தம்தான்."

மாதங்கி மடித்துக்கொண்டிருந்த கவுனை மடியில் போட்டாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை.

"எனக்கும் தோணலடா," என்றாள் கைகளுக்குள்ளிருந்து.

"என்ன?"

"எனக்கும் ஒண்ணும் தோணல. முதல் நாள்லேர்ந்து. நான் எந்தக் கப்பலுக்கும் போகல. பொட்டும் வைக்கல. இத்தனை வருஷம் காத்திருந்துட்டு, அவ வந்து நாற்காலி எதுன்னு கேட்டப்ப, யாரோ பக்கத்து வீட்டுப் புள்ள மாதிரி பாத்துகிட்டு நின்னேன்." கையை எடுத்தாள். முகம் நனைந்திருந்தது. "உனக்காவது ஒரு காரணம் இருந்துச்சு. மாசக் கடைசில உனக்குத் திரும்ப வந்துடும், நீ அவளைக் கொஞ்ச ஆரம்பிச்சுடுவே, நான் மட்டும் இப்படியே இருப்பேன்னு தினம் பயந்து செத்தேன். நாளைக்கு அந்தம்மா வந்தா, திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். என்கிட்ட ஏதோ கோளாறு, இந்தப் புள்ளைக்கு நான் வேண்டாம்னு."

செவ்வேளுக்கு அவளை ஆறுதல்படுத்த வேண்டும் என்று தோன்றியது. அதைவிட, தனக்கு ஆறுதலாக இருப்பதுதான் முதலில் தெரிந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"எப்பவாவது?" என்று மெதுவாகக் கேட்டான். "ஒரு தடவைகூடவா இல்ல?"

அவள் யோசித்தாள். "நேத்து. சோப்பு கண்ணுல பட்டுடுச்சுன்னு கத்தினா. கழுவி விட்டேன். 'மிஸ், உங்க கண்ணுலயும் போயிடுச்சா'ன்னு கேட்டா. அப்ப என்னமோ... தெரியல. இருந்த மாதிரி இருந்துச்சு. உடனே போயிடுச்சு."

"எனக்கும் அப்படித்தான் போயிடுது."

இருவரும் துணிக் குவியலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு அவங்க வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றாள் மாதங்கி.

அவனிடம் அளவு எதுவும் இல்லை.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லுவோம்."

"அப்படிச் சொன்னா கூட்டிட்டுப் போயிட மாட்டாங்களா?"

"கூட்டிட்டுப் போகாதீங்கன்னும் சொல்லுவோம்."

மாதங்கி அவனைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். ஒருமுறை இல்லை, பலமுறை, தனக்குத்தானே.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பூவிழி தூக்கக் கலக்கத்தில் கதவருகே வந்து நின்றாள். பாவாடை நனைந்திருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரிடம் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

"மிஸ்," என்றாள் பொதுவாக.

இருவருமே எழுந்தார்கள்.